கூரைக்கு ஓடு, சுவருக்குச் சுண்ணாம்பு: ஜார்ஜ் டவுன் கடைவீட்டுக்காரர்களுக்குத் திறந்த மடல்

லெபோ பாசார், லெபோ குயின், லெபோ கிங், லெபோ பினாங், லெபோ சூலியா ஆகிய தெருக்களில் கடைவீடு வைத்திருப்போருக்கும், வாடகைக்கு எடுத்து வியாபாரம் செய்வோருக்கும், கோயில், பள்ளிவாசல், சங்கக் கட்டடங்களின் நிர்வாகத்தினருக்கும்,

ஜார்ஜ் டவுனின் கடைவீடு தனித்து நிற்கும் கட்டடம் அல்ல. தெருப்பக்கம் ஏறத்தாழ 20 அடி அகலம், உள்ளே அதைப்போல நாலைந்து மடங்கு நீளம், இரு பக்கமும் அண்டை வீட்டாரோடு பொதுச்சுவர் என்பதே அதன் அமைப்பு. மாடித் தரையைத் தாங்கும் உத்தரங்களும் கூரையின் குறுக்குச் சட்டங்களும் ஒரு பொதுச்சுவரிலிருந்து மறு பொதுச்சுவருக்குப் போகின்றன. ஒரே சுவருக்குள் இரு வீட்டு உத்தரங்களின் முனைகளும் புதைந்திருக்கும். கூரையும் அப்படித்தான். ஒரு வரிசையில் பத்து வீடுகள் இருந்தால் மேலே தெரிவது நீண்ட ஒரே ஓட்டுப் பரப்பு. இடையிடையே பொதுச்சுவர் தலைநீட்டியிருக்கும். அதனால், கூரைக்கும் சுவருக்கும் எந்தப் பொருள் நல்லது என்ற கேள்வி இங்கே ஒரு வீட்டுக்காரரின் சொந்த விஷயமாக முடிந்துவிடுவதில்லை. ஒருவர் பூசும் சிமெண்ட், பக்கத்துக் கடையின் சுவரில் உப்பாகப் பூக்கிறது. மடல் ஒருவருக்கு எழுதப்படாமல் எல்லாருக்கும் சேர்த்து எழுதப்படுவது இதனால்தான்.

எந்த ஊரிலும் கூரையையும் சுவரையும் தீர்மானிப்பவை அந்த ஊரின் வானமும் மண்ணும். ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்குக்காகக் கட்டப்படும் வீட்டின் கூரை, மாதக்கணக்கில் மேலே கிடக்கும் பனியின் பாரத்தைத் தாங்க வேண்டும். உள்ளிருக்கும் சூடு வெளியேறாமல் சுவர் பிடித்துவைக்க வேண்டும். உருகி மறுபடி உறையும் நீர் பிளந்துவிடாத பொருளாக வேறு இருக்க வேண்டும். பினாங்கில் இந்தக் கவலைகள் ஒன்றும் இல்லை. இங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது; செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அது கொட்டித் தீர்க்கிறது. பகல் வெயில் 31, 32 டிகிரி. கடலை ஒட்டிய தாழ்ந்த நிலம் என்பதால் கொஞ்சம் தோண்டினாலே நீர் ஊறும். அந்த நீரிலும் வீசும் காற்றிலும் உப்பு. ஆகவே இவ்வூர்க் கூரை மழையை வேகமாக இறக்கிவிட வேண்டும், வெயிலை உள்ளே விடக் கூடாது. சுவரோ, கீழிருந்து ஏறும் ஈரத்தை வழியிலேயே வெளியே விட வேண்டும். கூரையின் வேலையை எல்லாரும் அறிவார்கள். சுவரின் வேலைதான் கடந்த ஐம்பது, அறுபது ஆண்டுகளில் மறந்துபோனது.

1786இல் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் இறங்கியபோது எழுந்த முதல் வீடுகள் மரத்தாலும் அத்தாப்புக் கீற்றாலும் ஆனவை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடுத்தடுத்து வந்த தீ விபத்துகள் அவற்றை வரிசை வரிசையாக விழுங்கின. அதன்பின் செங்கல் சுவரும் ஓட்டுக் கூரையும் நகரின் வழக்கமாயின. செங்கல்லை இணைத்த சாந்தும் மேலே பூசிய காரையும் சுண்ணாம்பு. போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெறப்பட்டதே 1824இல்தான். அது இங்குள்ள சாதாரண வீட்டுக்கு வந்து சேர இன்னும் நூறாண்டு பிடித்தது.

அந்தச் சுண்ணாம்பு வேலையில் இந்தியக் கைகள் நிறைய இருந்தன. நீரிணைக் குடியேற்றங்களின் சாலைகளையும் பொதுக் கட்டடங்களையும் கட்டியவர்களில் பெரும் பங்கினர் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். சிங்கப்பூரில் அவர்கள் கட்டி 1862இல் அர்ப்பணிக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தின் உட்சுவர்ப் பூச்சு, சென்னைச் சுண்ணாம்பு என்று பெயர் பெற்றது. கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் கருப்புச் சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீரால் குழைத்துப் பூசி, உலர்ந்தபின் கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. காரைக்குடியில் கடுக்காயும் வெல்லமும் முட்டையும் கலந்து இழைத்த சுவர்கள் நூறாண்டு கடந்தும் கண்ணாடிபோல் மின்னுகின்றன. லெபோ பினாங்கில் வட்டிக்கடையான கிட்டங்கி நடத்திய நகரத்தார் தம் சொந்த ஊரில் கட்டிய வீடுகள் அவை. ஆகவே பினாங்குத் தமிழருக்குச் சுண்ணாம்பு வெளியிலிருந்து யாரோ வந்து கற்றுத்தர வேண்டிய பொருள் அல்ல. அது கைவிடப்பட்ட சொந்தக் கலை.

சுண்ணாம்பின் குணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சுமார் 900 டிகிரியில் சுட்டால் கரியமில வாயு வெளியேறி நீறாகும். அதில் நீர் ஊற்றினால் கொதித்து வெண்ணெய் போன்ற களியாகும். பூசியபின் காற்றிலிருந்து அதே கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்து மறுபடி கல்லாகிறது. இந்த இறுக்கம் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஆழம்தான் போகும் என்பது கொத்தனார்களின் கணக்கு. இறுகிய பிறகும் அதில் நுண்துளைகள் திறந்தே இருக்கும். ஈரம் அவற்றின் வழியே வந்து ஆவியாகிறது. கூடவே வரும் உப்பு பூச்சின் மேற்பரப்பில் பூக்கிறது. பூச்சு உதிர்கிறது, செங்கல் பிழைக்கிறது. சில பத்தாண்டுகளுக்கு ஒரு முறை பூச்சை மாற்றுவதே இந்த ஏற்பாட்டின் விலை. உதிர்வதற்கென்றே வைக்கப்பட்ட பூச்சை, தரம் கெட்ட பூச்சு என்று எண்ணியதிலிருந்துதான் எல்லாத் தவறும் தொடங்கியது.

சிமெண்ட் இதற்கு நேர்மாறானது. அது கடினம், அடர்த்தி, நீரை எளிதில் வெளியே விடாது. புதிய கான்கிரீட் கட்டடத்துக்கு அவை நல்ல குணங்கள். பழைய கடைவீட்டின் செங்கல்லோ குறைந்த சூட்டில் சுடப்பட்டு மிருதுவாக இருப்பது. அதன்மேல் சிமெண்டைப் பூசினால், வழக்கமாக முழங்கால் உயரத்தில் ஆவியாகிப் போகும் ஈரம் வழி கிடைக்காமல் இடுப்பளவு, தலையளவு என்று ஏறுகிறது. உப்பு பூச்சுக்கும் செங்கல்லுக்கும் இடையே தங்கிப் படிகமாகிறது. படிகம் வளரும்போது உடைவது எளியவன். இங்கே எளியது செங்கல்.

கடைவீட்டு முகப்பின் அஞ்சடி நடைவழியில் நடந்து போகிற எவரும் இதை நேரில் பார்க்கலாம். தூண் அடியில் பளபளப்பான பெயிண்ட் கொப்புளமாக வீங்கியிருக்கும். விரல் முட்டியால் தட்டினால் பானையைத் தட்டுவதுபோல் உள்ளீடற்ற ஓசை வரும். கட்டைவிரலால் அழுத்தினால் சாம்பல் நிறச் சிமெண்ட் தகடாகப் பெயர்ந்து விழும். அதன் பின்னால் செங்கல் இருக்க வேண்டிய இடத்தில் சிவந்த மாவு சரிந்து கொட்டும். மாவின் நடுவே வெள்ளை ஊசிகளாக உப்பு. அந்த இடத்தில் மறுபடி சிமெண்டை அள்ளி அப்புவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. ஒவ்வொரு முறையும் செங்கல் ஒரு விரற்கடை குறைகிறது.

இந்தப் பழக்கம் பரவியதற்கு ஒரு வரலாறு உண்டு. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்பில் இருந்தவரை வாடகை மிகக் குறைவு. வீட்டுக்காரர்களுக்குப் பழுதுபார்க்கக் காரணமும் இல்லை, காசும் இல்லை. ஒழுகிய இடத்தில் தகரம் போட்டு, விழுந்த இடத்தில் சிமெண்ட் அப்பி நாளைக் கடத்தினார்கள். 2000ஆம் ஆண்டு ஜனவரி 1இல் கட்டுப்பாடு முழுமையாக நீங்கியது. 2008 ஜூலை 7இல் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. வாடகையும் விலையும் ஏறின, பழுதுவேலைகள் அவசர அவசரமாக நடந்தன. முன்பு காசில்லாமல் பூசிய அதே சிமெண்ட், இப்போது காசிருந்தும் பூசப்பட்டது. கெட்ட எண்ணத்தோடு வீட்டைக் கெடுத்தவர்கள் மிகக் குறைவு. உறுதியாக, சீக்கிரமாக, ஒரே தடவையில் முடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களின் வீடுகளே அதிகம் சேதமடைந்தன.

அண்டைச் சுவரின் கதை இங்கேதான் வருகிறது. பொதுச்சுவரின் ஒரு முகத்தை சிமெண்டாலும் பெயிண்டாலும் அடைத்தால், ஈரம் மறுமுகத்தைத் தேடிப் போகிறது. அங்கே சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் அதுவே இரு வீட்டு ஈரத்தையும் சுமக்கிறது. அதைக் கண்டு அந்த வீட்டுக்காரரும் சிமெண்ட் பூசினால் நடுவில் சிக்கிய சுவர் ஈரம் குடித்து, புதைந்திருக்கும் உத்தரத்தின் முனையை அழுகவைக்கிறது. ஈர மரத்துக்குக் கரையானை அழைக்க வேண்டியதில்லை. சுவரில் நாலடி உயரத்துக்குப் பீங்கான் ஓடு ஒட்டுவது, பழைய களிமண் தளக்கல்லின்மேல் பிளாஸ்டிக் விரித்துக் கான்கிரீட் போடுவது, இரண்டும் இதே விளைவைத் தருபவை. தரை வழியே போய்க்கொண்டிருந்த ஈரமும் சேர்ந்து சுவருக்குத் திரும்பிவிடும். குளிரூட்டி ஓடும் அறையில் சுவரின் முகம் குளிர்ந்து காற்றின் ஈரமும் அதில் வியர்வையாகப் படியும். அடைத்த சுவரில் அதுவும் உலர இடமில்லை.

பழுதுவேலையைக் கூரையிலிருந்து தொடங்க வேண்டும். மேலே ஒழுகிக்கொண்டிருக்கும்போது கீழே சுவரைப் பூசுவது வீண் செலவு.

இவ்வூர்க் கூரைகளில் பழைமையானது மெருகிடாத சிறிய களிமண் ஓடு. வளைவாகவோ வி வடிவிலோ இருக்கும் இந்த ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி நெருக்கமாக அடுக்குவார்கள். அடுக்கின் இடுக்குகளில் காற்று ஓடும். மழையில் ஓடு கொஞ்சம் நீரைக் குடித்து, வெயில் வந்ததும் ஆவியாக்கித் தானும் குளிரும், மாடியையும் குளிர்விக்கும். அடுத்து வந்தது பட்டையான சீமை ஓடு. ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் இந்த ஓட்டை 1841இல் பிரான்சின் அல்சாஸ் பகுதியில் கிலார்தோனி சகோதரர்கள் உருவாக்கினார்கள். மார்செய் துறைமுகத்திலிருந்து அது ஆசியா முழுதும் கப்பலேறியது. பழைய வீடுகளில் ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் தேனீ முத்திரையைக் காணலாம். மார்செய் செயின்ட் ஆந்த்ரே சூளையின் அடையாளம் அது. 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் இதே வகை ஓட்டுக்குச் சூளை வைத்தபின் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அதுவே வீட்டுக்கு வீடு வந்தது. ஓட்டின் அடியில் உள்ள மூக்கு ரீப்பரில் தொங்குகிறது. அதனால் உடைந்த ஒன்றை மட்டும் கழற்றி வேறொன்றை மாட்டலாம். கூரை முழுவதையும் பிரிக்காமல் ஒற்றை ஓட்டை மாற்ற முடிவதே ஓட்டுக் கூரையின் பெரிய லாபம்.

இரு வகையையும் ஒரே சரிவில் கலக்கக் கூடாது. ரீப்பர் இடைவெளி வேறு, நீர் இறங்கும் வழி வேறு. பழைய ஓடு வாங்கும்போது ஒவ்வொன்றையும் தொங்கவிட்டு விரலால் சுண்டிப் பார்ப்பது நல்லது. கணீரென்றால் நல்ல ஓடு. மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல். கான்கிரீட் ஓட்டின் அளவும் வளைவும் பழைய ரீப்பருக்குப் பொருந்துவதில்லை, நிறமும் வேறாகப் போகும். ஓட்டுக்கு மேலே நீர்புகாப் பூச்சு அடிப்பதும் வேண்டாம். விரிசல் வழி உள்ளே போன நீர் அடைபட்டு மரத்தில் இறங்கும். ஓட்டுக்கு அடியில் தாள் விரிப்பவர்கள், தாளுக்கும் ஓட்டுக்கும் நடுவே காற்றோட்டம் விட வேண்டும். தாள் ஒழுகலை நிறுத்துவதில்லை, மறைக்கிறது. மரம் மெத்தென்று ஆன பிறகுதான் சேதி வெளியே வரும்.

தகரத்தை முழுக்க விலக்கவும் தேவையில்லை. வீட்டின் பின்புறச் சமையல் கொட்டகையில் சரிவு மிகக் குறைவு. 30 பாகைக்கு நன்றாகக் கீழே போனால் ஓட்டின் இடுக்கில் நீர் பின்னோக்கி ஏறும். அங்கே நல்ல பூச்சுள்ள தகரமே சரியான தேர்வு. முன்கூரையிலும் நடுக்கூரையிலும் தகரம் போட்டால் மதிய வெயிலில் மாடி அடுப்பாகும், மழையில் பேச்சுக் கேட்காது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருந்தால் அதை அறுக்கவோ உடைக்கவோ துளையிடவோ கூடாது. அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும். அகற்றும் பயிற்சி உள்ளவர்களிடம்தான் விட வேண்டும்.

கூரை ஒழுகும் இடம் பெரும்பாலும் ஓட்டின் நடுப்பரப்பாக இருக்காது. முன்கூரையும் நடுக்கூரையும் சந்திக்கும் பள்ளம், முற்றத்தைச் சுற்றிய தகரக் கால்வாய், ஓடு வந்து பொதுச்சுவரில் முட்டும் ஓரம், இவை மூன்றும்தான். சுவர் ஓரத்தில் சிமெண்டைப் பட்டையாக இழுத்துவிட்டால் வெயிலில் அது சுவரைவிட்டு வெடித்துப் பிரியும். அந்த மயிரிழை இடைவெளியே உத்தர முனைக்கு நீர் கொண்டுபோகும். மடித்த உலோகத் தகட்டைச் சுவர்க் காடிக்குள் செருகிச் சுண்ணாம்புச் சாந்தால் அடைப்பதே நிலைக்கும். பறவைகள் இட்ட விதையில் சுவர்த் தலையில் முளைக்கும் அரசும் ஆலும் விரல் நீளம் இருக்கும்போதே பிடுங்கப்பட வேண்டும். வேர் சுவருக்குள் இறங்கிவிட்டால் பிடுங்கும்போது செங்கல்லும் கூடவே வரும். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் வந்தவை போன்ற புயல்மழையும் வெள்ளமும் வரும் நாளில் கால்வாயில் கிடக்கும் ஒரு பிடி சருகு மாடி முழுவதையும் நனைக்கப் போதும்.

கூரை உலர்ந்த பிறகே சுவர். முதலில் சிமெண்டைக் கைஉளியால் பெயர்க்க வேண்டும். இயந்திரச் சுத்தியல் மிருதுவான செங்கல்லை நொறுக்கிவிடும். ஈரக்கோட்டுக்கு மேலே இரண்டடி வரை எடுப்பது நல்லது. பிறகு சுவரைச் சும்மா விட வேண்டும். வாரக்கணக்கில், தேவையானால் மாதக்கணக்கில். இந்த இடைவேளையைத்தான் வாடகைக் கணக்குப் பார்ப்பவர்களால் தாங்க முடிவதில்லை. ஆனால் இதைத் தவிர்த்த எந்த வேலையும் நிற்பதில்லை. உப்பு மிகுந்த சுவரில் ஈரக் காகிதக் கூழை அப்பி, காய்ந்ததும் உரித்து, மறுபடி அப்பி, உப்பை வெளியே இழுக்கலாம். பூக்கும் உப்பை உலர்ந்த தூரிகையால் துடைத்து அள்ள வேண்டும். நீர் ஊற்றிக் கழுவினால் அது கரைந்து சுவருக்குள்ளேயே திரும்பும். சுவரின் அடியில் துளையிட்டு மருந்து செலுத்தி ஈரத்தை நிறுத்தும் முறையும் விற்கப்படுகிறது. அது ஓரளவு கைகொடுத்தாலும் ஏற்கெனவே சுவரில் தங்கிய உப்பு அப்படியேதான் இருக்கும்.

பூச்சுக்கு வாரக்கணக்கில் ஊறிய சுண்ணாம்புக் களி ஒரு பங்கு, கழுவிய ஆற்றுமணல் இரண்டரை முதல் மூன்று பங்கு. கடல் மணல் ஒரு பிடிகூட ஆகாது. சுவரை நனைத்து, ஒரு தடவைக்கு ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குமேல் போகாமல், ஒன்று இறுகியபின் அடுத்ததாகப் பூச வேண்டும். வெயில் நேரே படாமல் சாக்குத் துணி கட்டி ஈரம் காக்க வேண்டும். வேகமாக உலர்ந்த சுண்ணாம்பு இறுகாமல் பொடியாகும். சீக்கிரம் இறுகட்டும் என்று சாந்தில் ஒரு கரண்டி சிமெண்ட் சேர்க்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அது கலவையின் நல்ல குணத்தைக் குறைக்கிறது, வலுவையும் கூட்டுவதில்லை. நீற்றும்போது சுண்ணாம்பு கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் ஆளை நிறுத்தக் கூடாது.

வண்ணமும் இதே விதிக்கு உட்பட்டது. அக்ரிலிக் பெயிண்ட் சுவரின் மேல் போர்த்திய பிளாஸ்டிக் தோல். சுண்ணாம்பு நீரில் காவி, மஞ்சள் மண், அவுரி நீலம் கலந்து பால் பதத்தில் நாலைந்து மெல்லிய பூச்சாக அடித்தால் சுவர் மூச்சு விடும். லெபோ லீத்தில் உள்ள சியோங் ஃபாட் ட்ஸி மாளிகை நீல மாளிகையானது அவுரி கலந்த சுண்ணாம்பால்தான். 1989இல் பாரம்பரிய ஆர்வலர்கள் சிலர் அதை வாங்கி, பழைய கைவேலை முறைகளைத் தேடிப் பிடித்துப் புதுப்பித்தார்கள். 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதில் முதலிடம் அதற்குக் கிடைத்தது. ஒரு மழைக்காலம் கடந்தால் அந்த நீலத்தில் திட்டுத் திட்டாக வெளிறலும் கருமையும் தெரியும். அதைக் குறையாகப் பார்க்க வேண்டியதில்லை. ஈரம் வெளியே வந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

எல்லாக் கடைவீட்டுக்கும் சுண்ணாம்பே மருந்து என்று சொல்வதும் தவறாகும். 1930களுக்குப் பின் எழுந்த ஆர்ட் டெகோ கட்டடங்கள் பலவற்றில் முகப்பே சிமெண்டும் கல்துணுக்கும் கலந்த ஷாங்காய்ப் பூச்சு. அங்கே அதை உரித்துச் சுண்ணாம்பு பூசினால் கட்டடத்தின் முகமே போய்விடும். அந்தப் பூச்சு விரிசல் விட்டால் அதே கல், அதே நிறம் பார்த்து ஒட்டுப்போட வேண்டும். வீடு எந்தக் காலத்தது என்பதை முதலில் அறிய வேண்டும். பூச்சின் மூலையில் ஆணியால் கீறினால் பெரும்பாலும் தெரிந்துவிடும்: வெண்மையாக எளிதில் கீறலானால் சுண்ணாம்பு, சாம்பலாக ஆணியை எதிர்த்தால் சிமெண்ட். ஒரே சுவரில் இரண்டும் இருந்தால் பின்னால் வந்தது எது என்பதை அடுக்கே காட்டும்.

பாரம்பரிய மண்டலத்தின் மையப் பகுதி 109.38 ஹெக்டேர், அதைச் சூழ்ந்த காப்புப் பகுதி 150.04 ஹெக்டேர். 2016இல் அரசிதழில் வெளியான சிறப்புப் பகுதித் திட்டம் இரண்டுக்கும் பொருந்தும். பாரம்பரியக் கட்டடங்கள் என முதல் வகையிலும் இரண்டாம் வகையிலும் சேர்க்கப்பட்டவற்றில் கூரையையோ முகப்பையோ தொடும் முன் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டும். ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நிறுவனத்தில் ஆலோசனை கேட்கலாம். குத்தகையாளரிடம் விலைப்பட்டியல் வாங்கும்போதே ஓட்டின் வகை, சாந்தின் கலவை, பூச்சுகளின் எண்ணிக்கை, இடைவேளை நாள்கள் ஆகியவற்றை எழுத்தில் பெற வேண்டும். "சுவர் பூச்சு, இவ்வளவு வெள்ளி" என்று ஒற்றை வரியில் வரும் பட்டியல் அநேகமாகச் சிமெண்டைத்தான் குறிக்கும்.

சுண்ணாம்பு வேலைக்குக் காலமும் கூலியும் கூடுதல். வரிசையில் உள்ள மூன்று நான்கு வீடுகள் சேர்ந்தால் சாரமும் கொத்தனார் கூலியும் பங்காகும், பொதுச்சுவரின் இரு முகமும் ஒரே சமயத்தில் திறக்கப்பட்டு ஒரே சமயத்தில் உலரும், கால்வாயின் ஓட்டமும் வீட்டுக்கு வீடு முட்டாமல் அமையும். இதற்கு ஏற்ற காலம் ஜனவரி, பிப்ரவரி மாதங்களின் வறண்ட வாரங்கள். சுவர் திறந்து உலரும் நாள்களையும் சேர்த்துக் கணக்கிட்டு அப்போது தொடங்கினால், செப்டம்பர் மழைக்கு முன் கடைசிப் பூச்சு இறுகிவிடும்.